பழைய புல்லட்டின் மின்கோளாறு: தேடிப் பிடிக்கும் கலை



மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். பழைய புல்லட்டில் இந்தத் தூரம் போகிறவர்களை அதிகம் சோதிப்பது எஞ்சின் அல்ல, ஒயரிங். காலையில் ஒரே உதையில் கிளம்பிய வண்டி, மானாமதுரையைத் தாண்டி வெயில் ஏறியதும் விக்கத் தொடங்கும். பரமக்குடி வருவதற்குள் நின்றுவிடும். வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு உதைத்தால், ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதே கதை.

கைதேர்ந்த எலக்ட்ரீஷியன் இதைக் கேட்டதும் பிளக்கைத் தொடமாட்டார். காயிலுக்குப் போகும் மின்சாரத்தைச் சேர்த்தும் பிரித்தும் விடும் பாயிண்டின் மூடியைக் கழற்றி, எஞ்சினை ஓடவிட்டு, வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு உற்றுப் பார்ப்பார். பாயிண்ட் பிரியும் இடத்தில் பளிச்சென்று பெரிதாகப் பொறி தெறித்தால் அவருடைய சந்தேகம் கண்டென்சர் மேல்தான். பாயிண்ட் பிரியும்போது மின்சாரம் அங்கேயே பொறியாகத் தாவிவிடாமல் தாங்கிக்கொள்வது அந்தச் சின்ன உருளையின் வேலை. அது தாங்கினால்தான் காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரியும். அப்போதுதான் 6 வோல்ட் பேட்டரியை வைத்துக்கொண்டு பிளக்குக்குப் பல ஆயிரம் வோல்ட் கிடைக்கும். சூட்டில் கண்டென்சரின் உள்காப்பு தளர்ந்தால், பிளக்குக்குப் போகவேண்டிய பலம் பாயிண்டிலேயே வீணாகும். ஆறினால் திரும்ப வேலை செய்யும்.

பிளக்கை மாற்றியவரும் கார்புரேட்டரைக் கழுவியவரும் வண்டி சரியாகிவிட்டதாக நம்புவது இதனால்தான். அவர்கள் வேலை பார்த்த நேரத்தில் கண்டென்சர் ஆறிவிட்டது, அவ்வளவுதான்.

இந்தத் தேடும் திறமையை ஒரு கலை என்றே மதிக்க வேண்டும். பாகத்தை மாற்றிப் பார்ப்பது யாருக்கும் வரும். எங்கே அறுந்திருக்கிறது என்று வரிசையாகக் கேட்டுப் போவதுதான் கடினம். கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் மேலூர் விவசாயி மதகிலிருந்து வாய்க்கால் கரையோடு நடந்து பார்ப்பார் அல்லவா, அதே முறைதான். பேட்டரி, ஃபியூஸ், சாவி சுவிட்ச், காயில், பாயிண்ட் என்று ஒரு டெஸ்ட் லாம்பை வைத்துக்கொண்டே போனால், வெளிச்சம் எங்கே நிற்கிறதோ அதற்குச் சற்று முன்னால் கோளாறு இருக்கும்.

புல்லட்டை வடிவமைத்தவர்கள் ஒரு பெரிய உதவியும் செய்திருக்கிறார்கள்: ஹெட்லைட் தலையிலேயே உட்கார்ந்திருக்கும் ஆம்ப் மீட்டர். வேகமாகப் போகும்போதும் முள் கழித்தல் பக்கமே சாய்ந்திருந்தால் சார்ஜ் ஏறவில்லை. அப்போது பகலாக இருந்தால் லைட், ஹார்ன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பேட்டரியில் இருப்பதை வைத்தே அடுத்த ஊருக்குப் போய்ச் சேரலாம். எஞ்சின் நின்ற இடத்தில் ஓடும்போது ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பினால் முள் துடிக்கிறதா? ஹேண்டில் கழுத்தில் மடங்கி மடங்கி, மேலுறைக்குள்ளேயே செம்புக் கம்பி அறுந்திருக்கிறது. வெளியில் பார்த்தால் ஒயர் புதுசு மாதிரியே இருக்கும்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது எர்த், அதாவது மின்சாரம் வண்டிச் சட்டம் வழியாகத் திரும்பும் இணைப்பு. ஒரு 30 வாட் பல்ப் 6 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். எர்த் போல்ட்டில் ஏறிய துரு 0.2 ஓம் தடை கொடுத்தால் ஏறக்குறைய 1 வோல்ட் அங்கேயே போய்விடும், அதாவது ஆறில் ஒரு பங்கு. 12 வோல்ட் வண்டியில் அதே 30 வாட்டுக்கான பல்ப் இருந்தால் இழப்பு சுமார் அரை வோல்ட்தான், இருபத்து நாலில் ஒரு பங்கு. பழைய 6 வோல்ட் வண்டிகள் இணைப்புகளின் சுத்தத்தை இவ்வளவு கறாராகக் கேட்பது இதனால்தான். மண்டபம், பாம்பன் பக்கம் உப்புக்காற்றில் இரண்டு நாள் நின்ற வண்டிக்கு, திரும்பும் முன் எர்த் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, கொஞ்சம் கிரீஸ் தடவி முடுக்குவது பத்து நிமிட வேலை. அதைச் செய்தவர்கள் இரவில் நடுவழியில் நிற்பது குறைவு.

மதுரைக்கு இந்தத் தொழிலில் நல்ல வேர் உண்டு. இந்த ஊரைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த டி.வி.எஸ். குழுமம் பிரிட்டனின் லூக்காஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-இல் லூக்காஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கியது, சென்னை பாடியில் வாகன மின்சாதனங்கள் உருவாகத் தொடங்கின. பஸ், லாரி ஒயரிங்கில் பழகிய கைகள் புல்லட்டையும் எளிதாகப் படித்துவிடுகின்றன. அந்தக் கைகளிடம் கற்றுக்கொள்ள இளைஞர்கள் வரவேண்டும். ஸ்கேனர் செருகிப் பார்க்க இந்த வண்டியில் எதுவும் இல்லை.

பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்துவது பற்றி இரண்டு கட்சி உண்டு. நீண்ட பயணத்துக்கு அது நல்ல மாற்றம்தான், 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இடைவெளியை அடிக்கடி சரிபார்க்கும் வேலை மிச்சம். ஆனால் அந்த எலக்ட்ரானிக் பெட்டி செத்தால் சாலையோரத்தில் அதைத் திறந்து செய்ய எதுவும் இல்லை. அதனால் விவரமுள்ளவர்கள் கழற்றிய பாயிண்ட் பிளேட்டை ஒரு நல்ல கண்டென்சரோடு சுற்றி டூல் பெட்டியிலேயே வைத்திருக்கிறார்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஃபீலர் கேஜும் கூட இருந்தால் அரை மணி நேரத்தில் வண்டி மறுபடி கிளம்பிவிடும்.