கோட்டைச் சுவருக்குள் மூணு ராத்திரி: கான்வி ஊருக்கு ஒரு திட்டம்

இன்னைக்கு எபிசோடுல ஒரே ஒரு ஊர். பெயர் கான்வி. வேல்ஸ் நாட்டோட வடக்குக் கரையில, கான்வி ஆறு கடலைத் தொடுற இடத்துல இருக்கு. வேல்ஸ் பக்கம் சுத்திப் பார்க்கப் போற நிறைய பேர் இந்த ஊருக்கு ஒதுக்கறது மூணு மணி நேரம். கோட்டை, நாலு போட்டோ, ஒரு ஐஸ்கிரீம், கிளம்பிடுவாங்க. என்னைக் கேட்டா, மூணு ராத்திரி தங்குங்கன்னு சொல்லுவேன். ஆனா எங்கே தங்கறதுன்னு கொஞ்சம் யோசிச்சு முடிவு பண்ணுங்க. ஏன்னா "சுவருக்குள்ள யார் தங்கலாம்?" அப்படிங்கற கேள்வியிலதான் இந்த ஊரே பிறந்தது.

அந்தக் கதையை முதல்ல சொல்லிடறேன். 1282 டிசம்பர்ல வேல்ஸ் இளவரசர் லிவெலின் அப் கிரிஃபித் சண்டையில கொல்லப்பட்டார். அடுத்த வருஷமே இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் இங்கே வந்து இறங்கினார். அப்போ இந்த இடத்துல ஒரு மடாலயம் இருந்தது. லிவெலினோட தாத்தா, 'மகா லிவெலின்'னு மக்கள் கொண்டாடின மன்னர், அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருந்தார். எட்வர்ட் அந்தத் துறவிகளை ஆத்தோரமா உள்நாட்டுக்கு அனுப்பிட்டு, அதே இடத்துல கோட்டையும் ஊரும் கட்டினார். 1283ல ஆரம்பிச்சு 1287க்குள்ள வேலை முடிஞ்சது. கோட்டைக்கு எட்டு பெரிய கோபுரம். ஊரைச் சுத்தி 1.3 கிலோமீட்டருக்கு மதில், அதுல 21 கோபுரம், மூணு வாசல். உள்ளே இங்கிலாந்துல இருந்து கூட்டிட்டு வந்த குடும்பங்களைக் குடியேத்தினாங்க. அந்த மண்ணோட சொந்தக்காரங்களான வெல்ஷ் மக்கள் உள்ளே குடியிருக்கத் தடை.

இன்னைக்கு அந்தக் கோட்டையும் மதிலும் யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு, 1986லேர்ந்து. வெல்ஷ் பேச்சு அதே மதிலுக்குள்ள காதுல விழும். அறிவிப்புப் பலகை எல்லாமே ரெண்டு மொழியில. கார் ஓட்டுறவங்க ஒரு வார்த்தை தெரிஞ்சு வெச்சுக்கோங்க: சாலையில பெரிய எழுத்துல 'அராஃப்'னு எழுதியிருந்தா, வேகத்தைக் குறைங்கன்னு அர்த்தம். கடையில நன்றி சொல்ல 'டியோல்க்'. உச்சரிப்பு சரியா வரலைன்னாலும் பரவாயில்லை, எதிர்ல ஒரு சிரிப்பு கிடைக்கும்.

சரி, திட்டத்துக்கு வருவோம். எப்படிப் போறது? ரயில்தான் நல்லது. லண்டன் யூஸ்டன் ஸ்டேஷன்ல இருந்து லாண்டட்னோ ஜங்ஷன் வரைக்கும் சுமார் மூணு மணி நேரம். அங்கிருந்து அடுத்த ஸ்டேஷனே கான்வி. அந்தக் குட்டி ஸ்டேஷன் மதிலுக்கு உள்ளேயே இருக்கு. ஆனா ரயில் அங்கே தானா நிக்காது. இறங்கணும்னா முன்கூட்டியே கண்டக்டர்கிட்ட சொல்லணும். ஏறணும்னா பிளாட்பாரத்துல நின்னு கை காட்டணும். ஜங்ஷன்லயே இறங்கிட்டாலும் கவலை இல்லை, பாலத்து மேல நடந்தா அரை மணி நேரத்துக்குள்ள ஊர். கோட்டை எதிர்ல வளர்ந்துகிட்டே வரும், அந்த நடையே ஒரு அனுபவம்.

கார்ல போறவங்க ரூம் புக் பண்றதுக்கு முன்னாடி பார்க்கிங் இருக்கான்னு கேளுங்க. மதில் வாசல் எல்லாம் குதிரை வண்டி காலத்து அளவு, தெருக்களும் குறுகல்.

எப்போ போகலாம்? மே, ஜூன், செப்டம்பர். ஜூலைக் கடைசியில இருந்து ஆகஸ்ட் முடியற வரைக்கும் பள்ளி விடுமுறை, வாடகை ஏறிடும். நிறைய காட்டேஜ்களை அப்போ முழு வாரமாத்தான் தருவாங்க. ஜூன்ல சூரியன் மறையவே ராத்திரி ஒன்பதரை தாண்டும். பஸ்ல வந்த கூட்டம் சாயங்காலம் கிளம்பினதும், படகுத்துறையில உட்கார்ந்து அலை ஏறுறதையும் இறங்குறதையும் பார்க்கலாம். மூணு ராத்திரி கேட்டதே இதுக்காகத்தான்.

மூணு நாளை இப்படிப் பிரிக்கலாம். முதல் நாள் கோட்டையும் மதிலும். மதில் மேல நடக்கக் காசு இல்லை, ஆனா மழை பெய்தா படி வழுக்கும், நல்ல ஷூ போடுங்க. ரெண்டாம் நாள் ஊருக்குள்ளயே. 1576ல இருந்து 1585க்குள்ள கட்டின பிளாஸ் மௌர் மாளிகை, 1826ல தாமஸ் டெல்ஃபோர்ட் கட்டின தொங்கு பாலம், அப்புறம் படகுத்துறையில இருக்கிற பிரிட்டனோட ஆகச் சின்ன வீடு. அகலம் சுமார் 1.8 மீட்டர்தான். கடைசியா அங்கே வாழ்ந்த மீனவர் ஆறடி மூணு அங்குல உயரம்! மூணாம் நாள் ஜங்ஷன்ல இருந்து கான்வி பள்ளத்தாக்கு ரயிலைப் பிடிச்சு, பெட்டுஸ் எ கோய்ட் வரைக்கும் காட்டுப் பக்கம் போயிட்டு வாங்க.

இப்போ முக்கியமான கேள்வி, எங்கே தங்கறது? ஆப்பைத் திறந்தா முதல்ல முழு வீடுகள் வரும். அழகா இருக்கும், சமையலறையும் இருக்கும். ஆனா வேல்ஸ் கடற்கரை ஊர்களில் பல வருஷமா ஒரு புலம்பல் ஓடிக்கிட்டு இருக்கு: வீடுகள் விடுமுறை வீடா மாறிட்டா, அங்கேயே பிறந்த பசங்களுக்கு வாடகைக்குக்கூட வீடு கிடைக்கலை. அரசும் சும்மா இல்லை. 2023 ஏப்ரல்ல இருந்து, இரண்டாவது வீடு வெச்சிருக்கிறவங்ககிட்ட கவுன்சில் வரியோட கூடுதலா 300 சதவீதம் வரைக்கும் வசூலிக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் இருக்கு. வந்து தங்குறவங்ககிட்ட ராத்திரிக்கு ஒரு சின்னக் கட்டணம் வாங்க அனுமதிக்கிற சட்டமும் 2025ல வந்தாச்சு. அதனால புக் பண்ணும்போது மொத்தத் தொகையைப் பாருங்க.

யோசிச்சுப் பாருங்க. அன்னைக்கு உள்ளூர்க்காரனை வெளியே நிறுத்த ஒரு ராஜா கல் சுவர் எழுப்ப வேண்டியிருந்தது. இன்னைக்கு அதே வேலையை வாடகையே செஞ்சிடும். லீவுக்குப் போற நாம அதுல ஒரு சின்னப் பங்கு. அதுக்காகப் போகாம இருக்கணும்னு நான் சொல்லலை. அந்த ஊர் சுற்றுலா வருமானத்தையும் நம்பித்தான் இருக்கு. மூணு பேருக்கு ஒரு முழு வீடு எடுக்கறதுக்குப் பதிலா, சொந்தக்காரங்களே மாடியில குடியிருந்து காலைச் சாப்பாடு போடுற பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் இடத்தைத் தேடுங்க. இல்லைன்னா ஆட்கள் வேலை பார்க்கிற ஹோட்டல், ஹாஸ்டல். மளிகையை மதிலுக்குள்ள இருக்கிற கடையிலயே வாங்குங்க. செலவு கிட்டத்தட்ட அதேதான். ஆனா காலையில டீ ஊத்தும்போது, "இன்னைக்கு அலை எப்போ ஏறும்?"னு கேட்க ஒரு ஆள் இருப்பாங்க. ஆப்ல அது கிடைக்காது.

அவ்வளவுதான் மக்களே. கான்விக்கு டிக்கெட் போட்டீங்கன்னா எங்கே தங்கினீங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.