குரைத்தது நாய்; கேட்டது யார்?

(புனித ரோக் திருநாளையொட்டி வானொலியில் ஒலித்த மறையுரை)



நேற்று நம் அன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவைக் கொண்டாடினோம். அதற்கு மறுநாள், ஆகஸ்ட் 16 அன்று, புனித ரோக்கை நினைவுகூர்கிறோம். நம் ஊர்களில் பலர் அவரை ஆரோக்கியநாதர் என்று அன்போடு அழைக்கிறார்கள். அவருடைய சுரூபத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கையில் பயணக் கோல், தொடையில் ஒரு புண், காலடியில் வாயில் ரொட்டியைக் கவ்விய ஒரு நாய். பீடத்தில் நாய்க்கும் இடம் கிடைத்த புனிதர் அவர்.

இன்று அந்த நாயைப் பற்றித்தான் சிந்திக்கப் போகிறோம். காரணம், நம் மலையில் நடந்த ஒரு நிகழ்ச்சி.

ஏற்காட்டில் காபித் தோட்ட வேலையில் ஓய்வு பெற்ற ஒரு தாய் இருக்கிறார். வயது எழுபத்து நான்கு. நாம் எல்லோரும் அவரை ஆயா என்றே கூப்பிடுவோம். கணவர் இறந்துவிட்டார். மகன் ஓசூரில் வேலை பார்க்கிறார். ஆயா தனியாக இருக்கிறார். இல்லை, மணியோடு இருக்கிறார். மணி என்பது அவருடைய நாய்.

போன ஐப்பசி மழையில் ஒருநாள் மாலை கரண்ட் இல்லை. பனிமூட்டம் வாசல்வரை வந்து நின்றது. ஆயா கையில் தட்டோடு சமையல்கட்டுப் படியில் இறங்கினார். சோற்றைக் கண்ட மகிழ்ச்சியில் மணி காலுக்கு நடுவே புகுந்தது. ஆயா விழுந்தார். எழ முடியவில்லை. அலமாரிமேல் இருந்த போன் அடித்துக்கொண்டே இருந்தது. கூப்பிட்டவர் மகன். அம்மா தூங்கிவிட்டார் போலும் என்று அவர் விட்டுவிட்டார்.

மணி குரைக்கத் தொடங்கியது. இரவு முழுவதும் குரைத்தது. பக்கத்தில் நான்கு வீடுகள். நான்கு வீட்டிலும் கேட்டது. முந்தின நாள்தான் காபிக் காட்டுக்குள் காட்டெருமை வந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் குரைக்கிறது என்று நினைத்தோம். ஜன்னலைச் சாத்தினோம். நாய் தொல்லை தாங்கவில்லை என்று சொல்லிப் போர்வையை இழுத்துக்கொண்டோம்.

விடிந்ததும் பால் ஊற்ற வந்த தம்பிதான் கண்டார். ஆனால் மணி அவரை உள்ளே விடவில்லை. பல்லைக் காட்டி வாசலில் நின்றது. பள்ளிக்கூடம் போகும்போது தினமும் அதற்கு ஒரு பிஸ்கட் போடும் பக்கத்து வீட்டுச் சிறுமி வந்து, "மணி, இங்க வாடா" என்று கூப்பிட்ட பிறகுதான் வழி விட்டது. 108-க்குப் போன் செய்தோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஆயாவைச் சேலத்துக்குக் கொண்டு போனோம். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆபரேசன் செய்ய வேண்டும் என்றார்கள்.

ஆயா மாட்டேன் என்றுவிட்டார். "என்னைய வீட்டுக்கே கொண்டுபோங்க சாமி. மணி பட்டினியாக் கெடக்கும்" என்று அழுதார். கடைசியில் அந்தச் சிறுமியின் தாய் போனில் வந்தார். "ஆயா, மணி எங்க வீட்லதான் இருக்கான். நல்லாச் சாப்பிட்டான். நீங்க ஆபரேசன் முடிச்சுட்டுத் தெம்பா வாங்க." அதைக் கேட்ட பிறகுதான் ஆயா கையெழுத்துப் போட்டார்.

அன்புக்குரியவர்களே, இந்த நிகழ்ச்சியை நற்செய்தியின் அருகில் வைத்துப் பாருங்கள். லூக்கா 16-ஆம் அதிகாரத்தில் செல்வர், இலாசர் உவமையை ஆண்டவர் சொல்கிறார். வாசலில் இலாசர் கிடக்கிறார். உள்ளே செல்வர் விருந்துண்கிறார். இலாசரிடம் வந்தவை நாய்கள்தாம். அவருடைய புண்களை அவை நக்கின. வீட்டுக்குள் இருந்த மனிதர் வரவில்லை. அந்தச் செல்வர் இலாசரை அடித்தார், விரட்டினார் என்று உவமையில் இல்லை. அவர் எழுந்து வரவில்லை. அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

இப்போது புனித ரோக்கின் வரலாற்றுக்கு வருவோம். பிரான்சு நாட்டின் மோன்பெலியே நகரில் பிறந்தவர் அவர். திருப்பயணியாக இத்தாலிக்குச் சென்றார். அங்கே கொள்ளைநோயில் வாடியவர்களுக்குப் பணிவிடை செய்தார். பியாசென்சா நகரில் அவரையே அந்த நோய் பற்றியது. யாருக்கும் பாரமாக இருக்க வேண்டாமென்று காட்டுக்குள் போய்த் தனியாகப் படுத்துக்கொண்டார். ஒரு நாய் நாள்தோறும் ரொட்டி கொண்டுவந்து கொடுத்தது என்று மரபு சொல்கிறது.

கதை அங்கே முடிந்துவிடவில்லை. அந்த நாயின் எசமானர் ஒரு பிரபு. நம் மேசையிலிருந்து ரொட்டியை எடுத்துக்கொண்டு இது எங்கே போகிறது என்று அவருக்குக் கேள்வி வந்தது. ஒருநாள் எழுந்து அதன் பின்னாலேயே நடந்தார். காட்டில் நோயாளியைக் கண்டார். பராமரித்தார். ரோக் குணமடைந்தார்.

நாயால் ரொட்டி கொண்டுவர முடிந்தது. ஆனால் நோயாளி காட்டை விட்டு வெளியே வருவதற்கு அதன் பின்னால் நடந்த ஒரு மனிதர் தேவைப்பட்டார். இலாசரிடமும் நாய்கள் வந்தன. அவற்றின் பின்னால் ஒருவரும் வரவில்லை. இந்த இரண்டு வாசல்களில் எது நம் வாசல்? அந்த ஐப்பசி இரவில் நாம் இலாசரின் வாசலில்தான் இருந்தோம். அதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்வோம்.

நாய் இருக்கிறதே, பயமில்லை என்று நாம் நினைக்கிறோம். 2024 நவம்பரில் பல்லடம் அருகே ஒரு தோட்டத்து வீட்டில் வயதான தம்பதியரும் அவர்கள் மகனும் கொலை செய்யப்பட்டார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே, தோட்டத்து வீட்டில் தனியாக வாழ்ந்த முதிய தம்பதியர் கொலையுண்டு கிடந்தார்கள். அது சில நாட்கள் கழித்தே வெளியே தெரிய வந்தது. அந்தச் சில நாட்கள்தாம் நம் நெஞ்சைச் சுட வேண்டும். வாசலில் எத்தனை நாய் இருந்தாலும், கூப்பிட்டால் கேட்கிற மனிதர் ஒருவர் இல்லாத வீடு காவலில்லாத வீடுதான்.

ஆகவே இன்று முதியோரிடம் சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம். தாத்தாக்களே, பாட்டிகளே, நாயை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. அது உங்களைக் காலையில் எழுப்புகிறது, நடக்க வைக்கிறது, பேச வைக்கிறது. அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லுவோம். ஆனால் கவனமாக இருங்கள்.

நாயின் கழுத்துப் பட்டையில் சிறு மணி ஒன்றைக் கட்டுங்கள்; காலடியில் வந்தால் காதுக்குத் தெரியும். சோறு வைக்கிற இடம் படியோரமாக இருக்க வேண்டாம். தட்டைக் கையில் எடுக்குமுன் நாயை ஓரிடத்தில் உட்கார வையுங்கள். சங்கிலியை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள். அது பாய்ந்தால் உங்களையும் இழுத்துக்கொண்டு போகும். போன் அலமாரியில் இருக்க வேண்டாம்; கழுத்திலோ மடியிலோ இருக்கட்டும். குளியலறைக் கதவை உள்ளே தாழிடாதீர்கள். விழுந்துவிட்டால், வலி கடுமையாக இருந்தால், அவசரப்பட்டு எழ முயலாதீர்கள். போனில் கூப்பிடுங்கள். போன் எட்டவில்லையென்றால் கைக்கு எட்டிய பாத்திரத்தைத் தட்டி ஓசை எழுப்புங்கள்.

நம் மலைக்கே உரிய ஆபத்துகளும் உண்டு. விடியுமுன்னும் இருட்டிய பின்னும் பனிமூட்டத்தில் நாயோடு காபிக் காட்டுப் பாதையில் நடக்காதீர்கள். காட்டெருமையைக் கண்டால் நாய் குரைத்துக்கொண்டு ஓடும். அது திரும்பித் துரத்தினால், நாய் உங்களிடம்தான் ஓடி வரும். இரவில் நாயை வெளியே கட்டிப் போடாதீர்கள். மலைக்காடுகளில் சிறுத்தை நாயைத் தேடி வரக்கூடியது. உள்ளே படுக்க வையுங்கள். இருட்டில் அது எதையோ பார்த்துக் குரைத்தால், டார்ச்சை எடுத்துக்கொண்டு தனியாக இறங்கிப் பார்க்காதீர்கள். வெளி விளக்கைப் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டாருக்குப் போன் செய்யுங்கள்.

நாய்க்கு ஆண்டுதோறும் ரேபிஸ் தடுப்பூசி போடுங்கள். நம் வீட்டு நாய்தானே என்று கடியையோ கீறலையோ மறைக்காதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளும் வேண்டாம், மிளகாய்த்தூளும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். அங்கே தடுப்பூசி இலவசம். நோய் வெளிப்பட்ட பிறகு பிழைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம்.

உங்கள் நாய் காரணமில்லாமல் திடீரென்று செத்தால், விதி என்று விட்டுவிடாதீர்கள். விஷம் வைத்துவிட்டு, பிறகு வீட்டுக்குள் வருகிறவர்கள் உண்டு. அன்றைக்கே காவல் நிலையத்தில் சொல்லுங்கள். அன்றிரவு தனியாகப் படுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்ற அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். புனித ரோக்கும் அப்படி நினைத்துத்தான் காட்டுக்குப் போனார். ஆனால் ஆண்டவர் அவரைத் தனியாக விடவில்லை. ஒரு மாற்றுச் சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைப்பது தாழ்ச்சி. அது வெட்கப்பட வேண்டிய காரியமல்ல.

இப்போது பிள்ளைகளுக்கு. ஓசூரிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற மக்களே, தினமும் ஒரே நேரத்தில் கூப்பிடுங்கள். எடுக்கவில்லை என்றால் தூங்கியிருப்பார் என்று முடிவு செய்யாதீர்கள். பக்கத்து வீட்டு எண் ஒன்றாவது உங்கள் போனில் இருக்கட்டும். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண் நாடு முழுவதும் இருக்கிறது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். "நாய்மேல் இருக்கிற பாசம் எங்கள்மேல் இல்லை" என்று தாயைக் கேலி செய்யாதீர்கள். மனிதருக்குரிய அன்பை விலங்குக்குக் கொடுத்துவிடக் கூடாது என்று திருச்சபையின் மறைக்கல்வி நமக்குச் சொல்கிறது, உண்மைதான். ஆனால் அந்த அன்பை வாங்கிக்கொள்ள மனிதர் பக்கத்தில் இல்லாதபோது, அந்தத் தாய் என்ன செய்வார்?

இறுதியாக, பங்குக் குடும்பமாகிய நமக்கு. தனியாக வாழும் முதியோர் ஒவ்வொருவருக்கும் அவர்கள் அன்பியத்திலிருந்து இரண்டு குடும்பங்கள் பொறுப்பேற்போம். ஏரிக்கரையில் இருந்தாலும், நாகலூரில் இருந்தாலும், தோட்டத்துக்கு உள்ளே இருந்தாலும் ஒருவரும் விடுபடக்கூடாது. அந்தக் குடும்பத்தார் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. வாரம் இரண்டுமுறை போய் நாயோடு பழகுங்கள். உங்கள் வாசனை அதற்குத் தெரிந்தால்தான், ஆபத்து நேரத்தில் அது வழிவிடும். இல்லையென்றால் 108-இல் வருகிறவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கும். கதவின் உட்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். அதில் மகனின் எண், சாப்பிடுகிற மருந்து, நாயின் பெயர், அதை யார் பார்த்துக்கொள்வார் என்ற விவரம் இருக்கட்டும். ஆயா ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்விக்கு, அவர் விழுவதற்கு முன்பே நாம் பதில் எழுதி வைப்போம்.

இரவில் நாய் நிறுத்தாமல் குரைத்தால் ஜன்னலைச் சாத்துவதற்கு முன் போன் செய்யுங்கள். எடுக்கவில்லையென்றால் இரண்டு மூன்று பேராக, வெளிச்சத்தோடு, சத்தம் கொடுத்துக்கொண்டு போங்கள். காட்டெருமை நிற்கிறதென்றால் நெருங்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்தால் திரும்பி வந்து படுத்துக்கொள்ளலாம். பத்து முறை வீணாக எழுந்து போவதால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

ஆயா இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். மணியின் கழுத்தில் ஒரு மணி தொங்குகிறது. அந்தச் சிறுமி இன்னும் தினமும் பிஸ்கட் போடுகிறாள். போன வாரம் இரவு பத்து மணிக்கு மணி குரைத்தது. மூன்று வீட்டிலிருந்து ஆயாவுக்குப் போன் போயிற்று. முள்ளம்பன்றியாம். "எல்லாரும் தூங்குங்கப்பா" என்று ஆயா சிரித்தாராம்.

செபிப்போம். அன்பின் இறைவா, காட்டில் தனியே கிடந்த புனித ரோக்கிடம் ஒரு நாயையும், அதன் பின்னால் ஒரு மனிதரையும் அனுப்பினீரே! எங்கள் மலையில் தனித்து வாழும் ஒவ்வொரு தாயையும் தகப்பனையும் உம் கையில் ஒப்படைக்கிறோம். இரவில் எழும் குரலுக்கு எங்கள் செவிகளைத் திறந்தருளும். போர்வையை விலக்கி எழுகிற மனத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.