ஓர் அடி ஆழம் போதும்!

(பொங்கல் திருநாள் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: ‘சிறிய வீட்டில் பெரிய தொல்லை – இடப் பற்றாக்குறையா? திட்டப் பற்றாக்குறையா?’ ‘திட்டப் பற்றாக்குறையே’ என்ற அணியில் ஆற்றிய உரை.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! இடம் இல்லை, இடம் இல்லை என்று சொல்லியே மேடையில் எனக்கு நிற்கக்கூட இடம் வைக்காமல் பேசிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே!  

தலைப்பு கொடுத்தவர்களுக்கு முதலில் நன்றி. ‘சிறிய வீடு’ன்னு போட்டாங்க. ‘சின்ன வீடு’ன்னு போட்டிருந்தா நான் இந்த மேடைக்கே வந்திருக்க மாட்டேன். வீட்ல விட்டிருக்க மாட்டாங்க! (சிரிப்பு)

எதிரணி நண்பர் உருக்கமாப் பேசினார். “நடுவர் அவர்களே, ஒரு படுக்கை அறை வீடு. அதிலே ஒரு குழந்தை பிறந்துட்டா, அந்தக் குழந்தையோட துணியை எங்கே வைக்கிறது? கட்டில் மேல துணி, நாற்காலி மேல துணி, ஃப்ரிட்ஜ் மேல துணி. இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்குற கதையா இருக்கு”ன்னார். கைதட்டலும் வாங்கினார்.

நான் அவரைக் கேட்கிறேன். ஐயா, மடத்தைப் பிடுங்கினது யாரு? மூணு கிலோ எடையில பிறந்த அந்தச் சிசுவா? அது தன் சட்டையைத் தானே கழற்றி நாற்காலி மேல போட்டுச்சா? போட்டது நாம. பழியைத் தூக்கித் தொட்டில்ல போடுறோம்! (கைதட்டல்)

ஒரு விஷயம் பாருங்க. திருவள்ளுவர் மக்கட்பேற்றுக்கு ஓர் அதிகாரம் வைத்தார். இடனறிதல் என்று இன்னோர் அதிகாரம் வைத்தார். அது ஐம்பதாவது அதிகாரம். அதற்கு முந்தின நாற்பத்தொன்பதாவது அதிகாரம் எது? காலமறிதல்! வள்ளுவர் சொன்னது போர்க்களத்துக்கு. இருக்கட்டும். கைக்குழந்தை இருக்கிற வீடு போர்க்களத்துக்குக் குறைஞ்சதா? முதலில் காலத்தை அறி, பிறகு இடத்தை அறி. இந்த வரிசைதான் எங்கள் அணியின் வாதம்.

காலத்தை எப்படி அறிவது? நம்ம பிள்ளைத்தமிழ் இலக்கியத்தைப் பாருங்க. பத்துப் பருவம். ஐந்தாம் மாதம் செங்கீரை: குழந்தை தலையைத் தூக்கி ஆடும். ஒன்பதாம் மாதம் சப்பாணி: கைகொட்டும். ஒரு வயசை ஒட்டி வருகைப் பருவம்: தளர்நடை போட்டு வரும். பிறக்கும்போது சுமார் 50 சென்டிமீட்டர் நீளம் இருக்கிற பிள்ளை, ஒரு வயசில் சுமார் 75 சென்டிமீட்டர். எடை ஏறக்குறைய மூணு மடங்கு. அப்படின்னா, முதல் வருஷத்திலேயே நாலைந்து அளவில் சட்டை மாறணும். உங்களுக்கும் எனக்கும் அளவு மாறுறதே இல்லையா? மாறுது. ஆனா நாம ஒத்துக்கிறதில்லை! (சிரிப்பு)

இப்போ நாம செய்றது என்ன? அஞ்சு அளவுத் துணியையும் ஒரே குவியலா அடுக்குறோம், இட்லித் தட்டு மாதிரி. பெரியப்பா ஆசையா வாங்கிட்டு வந்த பட்டுச் சட்டை அடித்தட்டுல போயிடும். என்னைக்கோ ஒரு நாள் கையில கிடைக்கும். எடுத்துப் போட்டுப் பார்த்தா, பிள்ளையோட ஒரு கைதான் உள்ளே போகும். பெரியப்பா கோவிச்சுக்குவார். இது இடம் இல்லாததனால வந்த சண்டையா, அடுக்கத் தெரியாததனால வந்த சண்டையா?

துணியைத் தட்டு மாதிரி அடுக்காதீங்க. சின்னதா மடிச்சு, நூலகத்தில புத்தகம் நிக்கிற மாதிரி பெட்டிக்குள்ள நிறுத்தி வையுங்க. ஒவ்வொண்ணோட முதுகும் தெரியும். ஒண்ணை உருவினா இன்னொண்ணு கலையாது. ஒரு பெட்டி இப்போ போடுறதுக்கு. ஒரு பெட்டி அடுத்த அளவு. ஒரு பெட்டி சிறுத்துப் போனது. மூணாவது பெட்டி நிறைஞ்சதும் அக்கா வீட்டுக்கோ தங்கச்சி வீட்டுக்கோ போயிடணும். நம்ம ஊர்ல வழிவழியா நடக்கிறதுதான் இது. ஒரு பிள்ளை போட்ட மெத்துமெத்துன்னு இருக்கிற பழைய சட்டைதான் அடுத்த பிள்ளைக்கு நல்லதுன்னு நம்ம பாட்டிமார் சொல்லலையா?

என் மகள் வீட்டுக் கதை ஒண்ணு சொல்றேன், நடுவர் அவர்களே. பிரசவத்துக்கு மதுரையில எங்க வீட்டுக்கு வந்திருந்தா. பேரன் பிறந்தான். மாப்பிள்ளைக்குச் சென்னையில வேலை, ஒரு படுக்கை அறை வாடகை வீடு. பேரனுக்கு நாலாம் மாசம் தொடங்கினப்போ மாப்பிள்ளை போன் பண்ணினார். “மாமா, வீட்ல இடமே இல்லை. பிள்ளை துணிமணி வைக்கக்கூட வழி இல்லை. பெரிய வீடு பார்க்கிற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும்”னார். எவ்வளவு நாளாகும் மாப்பிள்ளைன்னு கேட்டேன். “ஆறு மாசம் ஆகலாம் மாமா”ன்னார்.

யோசிச்சுப் பாருங்க. பையன் செங்கீரை ஆடுறதை அப்பா பார்க்க முடியாது. சப்பாணி கொட்டுறதைப் பார்க்க முடியாது. எதனால? சட்டையை வைக்க இடம் இல்லைன்னு பிள்ளையையே வெளியூர்ல வைக்கிறோம்! துணிக்காகப் பிள்ளையா, பிள்ளைக்காகத் துணியா? (கைதட்டல்)

என் மனைவி தமிழ் படிச்சவங்க இல்லை. ஆனா இடனறிதல் தெரிஞ்சவங்க. “ஏங்க, ஒரு அளவு நாடா எடுத்துக்கிட்டு வாங்க, போய்ப் பார்த்துட்டு வருவோம்”னாங்க. போனோம். படுக்கை அறையில ஒரு கான்கிரீட் பில்லர் சுவரை விட்டு ஓர் அடி துருத்திக்கிட்டு நிக்குது. பில்லருக்கும் மூலைக்கும் நடுவுல மூன்றேகால் அடி அகலம். அந்த இடத்தில என்ன இருந்துச்சு? ஒரு விளக்குமாறு! (சிரிப்பு)

மாப்பிள்ளை சொன்னார்: “மாமா, இதுல அலமாரி வராது. அலமாரின்னா இரண்டடி ஆழம் வேணும்.” உண்மைதான். ஏன் இரண்டடி? பெரியவங்க சட்டை மாட்டுற ஹேங்கர் பதினேழு பதினெட்டு அங்குலம். கதவும் மூடணும், அதனால இரண்டடி. ஆனா கைக்குழந்தை ஹேங்கர் எவ்வளவு? பத்து, பதினோரு அங்குலம்! அதுக்கு ஓர் அடி ஆழம் போதும். பெரியவங்க துணி தொங்க மூணு நாலடி உயரம் வேணும். ஒரு வயசுப் பிள்ளையோட கவுன் ஒன்றரை அடியைத் தாண்டாது. அப்போ பெரியவங்க துணி ஒரு வரிசை தொங்குற உயரத்தில குழந்தைத் துணி இரண்டு வரிசை தொங்கும். தரையில பாதி இடம், சுவரில இரட்டை வரிசை. கணக்கு சரிதானே, நடுவர் அவர்களே?

தச்சரைக் கூப்பிட்டோம். எட்டடிக்கு நாலடி ஒட்டுப்பலகை, முக்கால் அங்குல கனம், ஒண்ணே ஒண்ணு. அதை நீளவாக்குல நாலு பட்டையா அறுத்தார். ரம்பம் தின்னது போக ஒவ்வொண்ணும் ஏறக்குறைய ஓர் அடி அகலம். இரண்டு பட்டையில ஆறடி ஆறடியா இரண்டு பக்கப் பலகை. மத்த இரண்டு பட்டையில மூணடி மூணடியா நாலு தட்டு. நாலு இரண்டடித் துண்டு மிச்சம். அதுவும் பெட்டிக்கு ஆச்சு. முதுகுக்கு மட்டும் ஒரு மெல்லிய பலகை. உள்ளே மூணு அறை, ஒவ்வொண்ணும் சுமார் இரண்டடி உயரம். மேல் அறையில அடுத்த அளவுத் துணி. நடு அறையில இன்னைக்குப் போடுறது, ஒரு கம்பி, கீழே இரண்டு பெட்டி. அடி அறையில துண்டு, போர்வை. கனமானது எப்பவும் கீழே. கதவு? வேண்டாம்! கதவு திறக்க முன்னாடி ஒன்றரை அடி காலி விடணும். ஒரு திரைச்சீலை போதும்.

சில தாய்மார்கள் கேட்கலாம்: “பிறக்கிறதுக்கு முன்னாடி எதையும் வாங்கி வைக்கக் கூடாதே?” சரி, துணி வாங்காதீங்க. வளைகாப்பு முடிஞ்சதும் சுவரை அளந்து வையுங்க. அளக்கிறதுக்குச் சாஸ்திரத்தில தடை இல்லை!

ஆனா ஒண்ணு. இடத்தை மிச்சம் பிடிக்கிற ஆசையில உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. இங்கேதான் திட்டம் ரொம்ப முக்கியம். குறுகலான, உயரமான அலமாரி சுலபமாச் சாயும். வருகைப் பருவத்துப் பிள்ளை இழுப்பறையைத் திறந்து படிக்கட்டு மாதிரி ஏறும். 2016ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஐக்கியா நிறுவனம் சுமார் 2 கோடியே 90 லட்சம் இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஏன்? சுவரோடு பிணைக்காத அலமாரி சாய்ந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அதன் பிறகு 2022ல் அந்த நாட்டில் இதற்கென்றே சட்டம் வந்தது. நாம என்ன செய்யணும்? அலமாரியின் உச்சியை இரண்டு இரும்புக் கோணத்தால சுவரோட பிணைக்கணும். திருகாணி பூச்சைத் தாண்டிச் செங்கல் வரைக்கும் போகணும். வாடகை வீடா? வீட்டுக்காரர்கிட்ட கேளுங்க. காலி பண்ணும்போது இரண்டு ஓட்டையை அடைக்கிறது பத்து நிமிஷ வேலை. அப்புறம், தொட்டிலுக்கு மேலே தட்டு வேண்டாம். ஜன்னலுக்குக் கீழே அலமாரியும் வேண்டாம். அது ஜன்னலுக்கு நாம கட்டிக் கொடுக்கிற ஏணி!

இன்னொண்ணு, தாய்மார்கள் தயவுசெய்து கேட்கணும். பிள்ளைத் துணிக்குள்ள பாச்சை உருண்டை போடாதீங்க. அந்த நாப்தலின், ஜி-சிக்ஸ்-பிடி என்கிற நொதி குறைவாக இருக்கிற குழந்தைகளுக்கு ஆபத்து. வாசம் ஏறின துணி பட்டாலே ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து, கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்குன்னு பார்த்தாத் தெரியாது. காய்ந்த வேப்பிலையைத் துணியில முடிஞ்சு, பிள்ளை கைக்கு எட்டாத தட்டுல வையுங்க. ஈரம் ஏறின சுவராக இருந்தா அலமாரிக்குப் பின்னால ஓர் அங்குலம் காத்து போக விடுங்க. புதுப் பலகையின் பசையிலும் வார்னிஷிலும் வாடை வரும். எங்க தச்சர் வேலையை ஒரே நாளில் முடிச்சார். ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்தாட விட்டது மூணு வாரம்.

அந்த மூணு வாரம் முடிஞ்சு, அஞ்சாம் மாசம் என் பேரன் சென்னைக்குப் போனான். அப்பன் கண் முன்னாலதான் செங்கீரை ஆடினான். வீடு அதே வீடு. சுவர் அதே சுவர். ஒரு சதுர அடி கூடலை. விளக்குமாறு மட்டும் சமையலறைக்குப் போச்சு! (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணி நண்பர் கடைசியா, “பெரிய வீட்டுக்குப் போனா எல்லாம் சரியாகிடும்”னு முடிச்சார். போங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா குவிக்கிற பழக்கத்தையும் லாரியில ஏத்திக்கிட்டுப் போனா, மூணு படுக்கை அறை வீட்டிலயும் மூணு கட்டில் மேல துணிதான் கிடக்கும். அந்த அலமாரி அங்கே நிற்கலாம். இரண்டு வயசானதும் கம்பியைக் கொஞ்சம் கீழே இறக்கி, பிள்ளை கைக்கு எட்டுற உயரத்தில மாட்டுங்க. தன் சட்டையைத் தானே எடுக்கும், தானே மாட்டும். ஒழுங்கை நாம வாயால சொல்லிக் கொடுக்க வேண்டாம். அந்த அலமாரியே சொல்லிக் கொடுக்கும்.

ஆகவே நடுவர் அவர்களே, பல வீடுகளில் குறைவது சதுர அடி அல்ல. அளந்து பார்க்கிற பொறுமை. தொல்லைக்குக் காரணம் திட்டப் பற்றாக்குறையே என்று நல்லதொரு தீர்ப்பை வழங்குங்கள். உங்கள் தீர்ப்பில் எங்கள் அணிக்கு ஓர் அடி இடம் கொடுத்தால் போதும்; நிச்சயமாக மடத்தைப் பிடுங்க மாட்டோம்!

 (நீண்ட கைதட்டல்)