பவளம் உண்ணும் சுண்ணாம்பு

மன்னார் வளைகுடாவின் பவள உயிரிகள், கடல்நீரில் கரைந்துள்ள கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் சேர்த்தே தம் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுகின்றன.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அமிலத்தை ஈடுகட்டும் ஆற்றலே காரத்தன்மை எனப்படும், அதைப் பெரும்பாலும் பைகார்பனேட்டே தருகிறது. அயல்நாடுகளில் வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் பவளம் வளர்ப்போர் இவ்விரண்டையும் அளந்து ஈடுசெய்கின்றனர். கால்சியம் இருபதில் ஒரு பங்கு குறைவதற்குள் காரத்தன்மை ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிடுவதால், காரத்தன்மையையே அவர்கள் அடிக்கடி சோதிக்கின்றனர்.

இவ்விரண்டையும் ஈடுசெய்ய அவர்கள் கையாளும் எளிய மருந்து, நீற்றிய சுண்ணாம்பை நன்னீரில் கரைத்துத் தெளியவைத்து இறுத்த நீராகும். அதைத் திறந்து வைத்தால் காற்றின் கரியமில வாயு பட்டு மேலே வெள்ளை ஆடை படிந்து வீரியம் குன்றும். தொட்டியில் ஒரேயடியாக ஊற்றினால் காரம் ஏறி உயிர்கள் மடியும் என்பதால், ஆவியான நீருக்கு ஈடாகச் சொட்டுச்சொட்டாகவே விடுவர்.

தொட்டியில் இவ்வளவு கவனம் கேட்கும் பவளத்தை மன்னார் வளைகுடாவில் ஒருகாலத்தில் சுண்ணாம்புக்காகவே வெட்டியெடுத்தனர். அதனால் அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கின. 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடலில் விளைந்த பவளத்தைக் கடலிலேயே வாழவிடுவது நம் அனைவரின் கடமை.