கோவன் பேரு ஊருக்கு இருக்கு. கோவன் பேரப்பிள்ளைகளுக்குப் பட்டா எங்கே?

(காரமடை பொதுக்கூட்டத்தில் நமது மாவட்டச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர இயலாத தோழர்கள் படிக்கவும், பகிரவும்.)



மைக்கைப் பிடித்ததும் எதிர்க்கட்சிகளை ஒரு பிடி பிடிப்பேன் என்று நினைச்சு வந்திருப்பீங்க. இன்னைக்கு அது வேண்டாம். நம்ம ஊர் பிறந்த கதையைப் பேசலாம்.

இங்கே அரங்கநாதர் எப்படி வந்தார்? சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். காரைப் புதர் மண்டிக் கிடந்த காடு. ஒரு மாடு தினமும் பால் இல்லாமல் வீடு திரும்பியது. மேய்ப்பவர் பின்னாலேயே போய்ப் பார்த்தார். புதருக்குள் அது தானாகப் பாலைச் சொரிந்து கொண்டிருந்தது. கோபத்தில் புதரை வெட்டினார். ரத்தம் பீறிட்டது. அங்கே சுயம்புவாக இருந்தவர்தான் நம்ம அரங்கநாதர். காரையும் மடையும் சேர்ந்து காரமடை ஆச்சு.

கவனிச்சீங்களா? சாமி முதலில் கண்ணில் பட்டது ராஜாவுக்கு இல்லை, மாடு மேய்த்தவருக்கு!

அதே அரங்கநாதரை மலையில் இருக்கிற இருளர் மக்கள் 'ரங்கசாமி' என்று கும்பிடுகிறார்கள். கோத்தகிரிப் பக்கம் அவர் பேரிலேயே ஒரு சிகரம் இருக்கு. 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் நூலிலும் இந்த வழிபாடு பதிவாகியிருக்கிறது. மாசித் தேரில் நாம் பந்த சேவை, தண்ணீர் சேவை எடுக்கிறோமே, அந்தச் சாமி அவங்க சாமியும்தான்.

சரி, கோயம்புத்தூருக்கு வருவோம். அந்த ஊரும் ஒரு காலத்தில் காடுதான் என்கிறது ஐதீகம். கோவன் என்ற இருளர் தலைவன் காட்டைத் திருத்தி ஊர் அமைத்தான். காவலுக்கு அம்மனை வைத்தான். அவன் உண்டாக்கிய புது ஊர் கோவன்புத்தூர். அது வாயில் புழங்கிப் புழங்கிக் கோயம்புத்தூர் ஆனது. அவன் வைத்த அம்மன், இன்றைக்கும் கோவைக்குக் காவலாக நிற்கிற கோனியம்மன்.

சங்க காலத்துக் கோசர்களால் வந்த பேர் என்று சொல்கிற அறிஞர்களும் உண்டு. கோவன் கதை ஐதீகம், கல்வெட்டு அல்ல. எனக்கும் தெரியுமுங்க. ஆனால் அதற்குள் ஒரு உண்மை இருக்கு. பின்னால் வந்து குடியேறிய நாம் எல்லோரும், "இந்த மண்ணில் முதலில் இருந்தவர் இருளர்தான்" என்று தலைமுறை தலைமுறையாக ஒத்துக்கொண்டு வந்த கதை அது. வேறு என்ன சாட்சி வேணும்?

அப்புறம் ஊர் வளர்ந்தது. 1866-இல் நகராட்சி. 1888-இல் ஸ்டேன்ஸ் மில். 1981-இல் மாநகராட்சி. கோவன் பேரப்பிள்ளைகள் மட்டும் மலையோரத்திலேயே நின்னுட்டாங்க.

ஞாயிற்றுக்கிழமை பரளிக்காட்டுக்குப் பரிசல் சவாரி போறோம். அங்கே நமக்குச் சோறு ஆக்கிப் போடுறது அந்த மலைக் கிராமத்து அம்மணிகள்தான். கோவையில் குழாயைத் திறந்தால் வர்றது பில்லூர் தண்ணி. அந்த அணையைச் சுற்றி வாழ்றது இருளர் மக்கள். தண்ணி நமக்கு வந்து சேர்ந்தாச்சு. அவங்களுக்கு உரிமை போய்ச் சேர்ந்ததா?

வன உரிமைச் சட்டம் வந்தது 2006-இல். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தில் குடியிருந்து உழுது பிழைக்கும் பழங்குடிக் குடும்பத்துக்கு, அனுபவத்தில் உள்ள நிலத்துக்கு, 4 ஹெக்டேர் வரை உரிமை உண்டு. தேன், நெல்லி, சீமாறுப் புல் போன்றவற்றைச் சேகரிக்கும் உரிமையும் உண்டு. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் பட்டா வழங்குவது ஆண்டுக்கணக்கில் நின்றது. 2016-இல்தான் தடை நீங்கியது. அதன் பிறகும் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு.

இது யாரும் போடுகிற பிச்சை இல்லீங்க. சட்டம் கொடுத்த உரிமை!

அதனால் தோழர்களே, கைதட்டிட்டுக் கலைஞ்சு போயிடாதீங்க. மூணு வேலை இருக்கு.

ஒன்று: மனுவை முதலில் வாங்கி ஆராயும் அதிகாரம் கிராம சபைக்குத்தான். காரமடை ஒன்றியத்து மலைக் கிராமங்களில் சபை கூடும்போது நம் தோழர்கள் கூட நிற்கணும்.

இரண்டு: மனு கொடுத்தால் கையெழுத்துப் போட்ட ரசீது வாங்கித் தரணும். வாய்வார்த்தையை நம்பி வந்துடாதீங்க.

மூன்று: மனு தள்ளுபடியானால் காரணத்தை எழுத்தில் கேளுங்க. 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அந்த நாள் கைநழுவிப் போகாமல் பார்த்துக்கிறது நம்ம பொறுப்பு.

மாசியில் கோனியம்மன் தேரும் ஓடும், அரங்கநாதர் தேரும் ஓடும். வடம் பிடிக்கும்போது ஒரு நிமிஷம் கோவனை நினைச்சுக்கோங்க. ஊருக்குப் பேர் கொடுத்தவன் வம்சத்துக்கு ஒரு துண்டு நிலத்துக்காவது காகிதம் இருக்கணும். அது நடக்கும் வரை நம் கட்சி ஓயாது.



#கோவன்புத்தூர் #வனஉரிமை #காரமடை