வெஸ்லேயின் கற்கள்



'கார்மன்' என்ற கதையைத் தந்த பிரெஞ்சு எழுத்தாளர் புரொஸ்பெர் மெரிமேயை உங்களில் பலர் அறிவீர்கள். அவர் ஒரு தேவாலயம் இடிந்து விழாமற் காக்கவும் காரணமாயிருந்தவர். அதுபற்றியே இன்று பேசப் போகிறேன்.

பிரான்சின் பேர்கண்டிப் பகுதியிலே, வெஸ்லே என்னும் குன்றூரின் உச்சியில் நிற்கிறது மதலேன் மரியாள் ஆலயம். 9ஆம் நூற்றாண்டில் தோன்றிய துறவிமடம் ஒன்றுக்கு உரியதாயிருந்தது அது. புனிதையின் எலும்புகள் அங்கு உள்ளன என நம்பி யாத்திரிகர்கள் திரண்டனர். 1146இல் பேர்னாட் அடிகள் இரண்டாம் சிலுவைப் போருக்கு அறைகூவியதும் அவ்வூரில்தான். பின்னர், அவ்வெலும்புகள் தம்மிடமே உள்ளன எனத் தெற்கே புரொவன்ஸ் பகுதியினர் உரிமை கோர, வெஸ்லேயின் புகழ் மங்கிற்று. 16ஆம் நூற்றாண்டில் துறவிமடம் என்ற நிலையும் போயிற்று. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் வெளிமுகப்புச் சிற்பங்கள் சிதைக்கப்பட்டன.

1834இல் வரலாற்றுச் சின்னங்களின் பரிசோதகராக மெரிமே அங்கு சென்றார். உள்ளே அமர்ந்து படம் வரைகையில் சிறு கற்கள் தம்மைச் சுற்றி உதிர்ந்துகொண்டிருந்தன என்று எழுதினார். 1840இல் திருத்தப் பணி வியொலே-லெ-டுக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 26. வளைகூரைகளின் பாரம் சுவர்களை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. வெளிப்புற முட்டுக்கட்டுகளை மீளக் கட்டினார். சிதைந்த தூண்தலைச் சிற்பங்களுக்குப் பிரதிகள் செய்வித்தார். 1859வரை வேலை நடந்தது.

இது சரியா? செப்பனிடுதலே ஒருவகை அழிவு என்று 1849இல் ஆங்கிலேயரான ரஸ்கின் வாதிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. வெளிவாயிலின் மேலுள்ள சிற்பம் 19ஆம் நூற்றாண்டிலே புதிதாகச் செதுக்கப்பட்டது. உள்வாயிலில் உள்ளதோ 12ஆம் நூற்றாண்டுக்குரியது. நாய்த்தலையர், பெருங்காதர், ஏணி வைத்துக் குதிரையேறும் குள்ளர் என உலகின் எல்லைகளில் வாழ்வதாக அக்காலத்தார் கற்பனை செய்த மாந்தரெல்லாம் அங்கே இருக்கிறார்கள். அந்தக் கற்பனையின் துணிவைப் பின்வந்த உளி எட்டவில்லை என்பேன்.

ஆயினும், செல்லரிக்கும் ஏட்டைப் பார்த்துக்கொண்டு பதிப்பாசிரியர் கைகட்டி இருக்க முடியுமா? காப்பாற்றத்தான் வேண்டும். தாம் சேர்த்த வரி எது என்பதையும் அவர் மறைக்கக்கூடாது. வெஸ்லேயில் கழற்றப்பட்ட பழைய தூண்தலைகள் பல, ஆலயத்தருகே நூதனசாலையிலே உள்ளன. பழையதையும் புதியதையும் எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மெரிமே கேட்ட கல்லுதிர்வு நின்றதற்கு நான் நன்றி சொல்வேன். ஒப்பிட இடம் வைத்ததற்கு அதனிலும் அதிகமாக.