இரவில் இடம் கேட்டவன் என்ன ஜாதி?
(தூத்துக்குடிப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் கடவுளைப் பற்றியோ புராணத்தைப் பற்றியோ பேச வரவில்லை. வெகு சாதாரணமான ஒரு காரியத்தைப் பற்றியே பேச வந்திருக்கிறோம். ஒரு மனிதன் தூர தேசப் பிரயாணம் செய்து, இரவு பத்து மணிக்கு ஓர் ஊருக்கு வந்து சேருகிறான். உடம்பு அலுத்திருக்கிறது. கையில் பணம் இருக்கிறது. படுக்க ஓர் அறை கேட்கிறான். அவ்வளவுதான் விஷயம். இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நாமும் சென்ற சஷ்டி விழாவுக்கு முன்புவரை அப்படித்தான் நினைத்திருந்தோம்.

நடந்ததை நடந்தபடியே சொல்லுகிறோம். திருச்சியிலிருந்து இவ்வூருக்குப் புத்தக மூட்டைகளோடு ஒரு வாடகை வண்டியில் புறப்பட ஏற்பாடு. நாமும் இரண்டு தோழர்களும், வண்டி ஓட்டும் தோழரும் ஆக நால்வர். பகல் ஒன்றரை மணிக்குப் புறப்பட்டால் இரவு ஏழு மணிக்குள் இங்கே சேர்ந்துவிடலாம் என்பது கணக்கு. ஆனால் அன்று வியாழக்கிழமை. "ஒன்றரை முதல் மூன்று வரை ராகுகாலம், வண்டியை எடுக்கக் கூடாது" என்றார் வண்டியின் சொந்தக்காரர். மூன்று மணியும் ஆயிற்று. "வியாழக்கிழமை தெற்கே சூலம், நேராகத் தெற்கே போகாதீர்கள், கொஞ்சம் வடக்கே போய்த் திரும்பிப் போங்கள்" என்றார். நான்கு சக்கரங்களுக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். ஊரெல்லாம் போய் "ராகுகாலம் பொய்" என்று மேடையேறிப் பேசுகிற நாம் அப்பொழுது என்ன செய்தோம்? வண்டி கொடுக்கிறவர் மனம் கோணக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டு நின்றோம். இந்த வெட்கக் கேட்டை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

சரி, ராகுவுக்கு மரியாதை செய்தாயிற்று. சூலத்துக்கும் மரியாதை செய்தாயிற்று. பலன் என்ன? அருப்புக்கோட்டையைத் தாண்டி எட்டயபுரம் வருவதற்குள் டயர் பஞ்சர்! நான்கு எலுமிச்சம்பழத்துக்கும் தெரியாத ஓர் ஆணி அங்கே கிடந்திருக்கிறது. இருட்டில் சக்கரம் மாற்றி, ஸ்பேர் டயரிலும் காற்றுக் குறைவாயிருந்ததால் தட்டுத் தடுமாறி, தூத்துக்குடி வந்து சேர இரவு பத்து மணி ஆகிவிட்டது. ராகுகாலத்திலேயே கிளம்பியிருந்தாலும் அந்த ஆணி இருந்திருக்கும். ஆனால் பகல் வெளிச்சமும் இருந்திருக்கும், கடைகளும் திறந்திருக்கும்.

திருச்செந்தூரில் சஷ்டி விழா நாட்கள். லட்சக்கணக்கில் ஜனங்கள் கூடுகிற சமயம். அங்கே இடம் கிடைக்காதவர்களெல்லாம் நாற்பது கிலோமீட்டருக்கு இப்பால் இவ்வூருக்கு வந்து தங்குவது வழக்கம். நான்கு விடுதிகளில் கேட்டோம், நான்கிலும் இடமில்லை. அவர்கள் சொன்னது உண்மைதான். தாழ்வாரத்தில்கூட ஆட்கள் படுத்திருந்ததைக் கண்ணால் பார்த்தோம். அதைப் பற்றி நமக்கு யாதொரு வருத்தமும் இல்லை.

ஐந்தாவது விடுதியில், நாம் மூட்டைகளைச் சரிசெய்துகொண்டிருக்கையில், வண்டி ஓட்டிய தோழர் முதலில் உள்ளே போய்க் கேட்டார். "ரெண்டு ரூம் இருக்கு, கார்டு குடுங்க" என்று பதில் வந்தது. அடையாள அட்டையைக் கொடுத்தார். அதில் அவருடைய ஊரும் தெருவும் அச்சிட்டிருக்குமல்லவா? குமாஸ்தா அதைப் படித்தார். "இந்தக் காலனி ஊருக்குக் கிழக்கே இருக்கே, அதுவா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றார் தோழர். குமாஸ்தா உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்து, "இப்பத்தான் போன் வந்துச்சு, ரூம் புக் ஆயிட்டு" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பகுத்தறிவுவாதி என்பவன் எதையும் சோதித்துப் பாராமல் முடிவு கட்டக் கூடாது. மெய்யாகவே போன் வந்திருக்கலாமல்லவா? ஆகையால் பத்து நிமிஷம் கழித்து நம்மோடு வந்த மற்றொரு தோழரை அனுப்பினோம். அவர் அட்டையிலுள்ள தெரு வேறு தெரு. போன மாத்திரத்தில் இரண்டு சாவிகள் மேஜைமேல் வந்து விழுந்தன! பிறகு நாம் நால்வருமே உள்ளே போய், "பத்து நிமிஷத்துக்கு முன் இல்லாத அறை இப்பொழுது எப்படி முளைத்தது?" என்று கேட்டோம். குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டு, "நான் சம்பளக்காரன் அண்ணாச்சி, மொதலாளி சொன்னதச் செய்யுதேன்" என்றார்.

அந்த விடுதியின் பெயரை நாம் இங்கே சொல்லப் போவதில்லை. எல்லா விடுதிகளும் இப்படித்தான் என்றும் நாம் சொல்லவில்லை. ஒரு கடைக்காரனை வைதுவிட்டுப் போவதற்காக நாம் மேடை ஏறவில்லை. நம்மைச் சுட்டது குமாஸ்தாவின் பேச்சுமல்ல. நம்முடைய வண்டியோட்டித் தோழர் நம்மைத் தனியே அழைத்து மெதுவாகச் சொன்னார்: "நீங்க மூணு பேரும் ரூம்ல படுங்கய்யா. நான் வண்டியிலயே படுத்துக்கிறேன். எனக்கு இது பழக்கந்தான்."

தோழர்களே, "பழக்கந்தான்" என்ற அந்த ஒரு வார்த்தையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவமானப்படுத்துகிறவனுக்கு அது பழக்கமாவது ஆச்சரியமல்ல. அவமானப்படுகிறவனுக்கும் அது பழக்கமாகிவிடுகிறதே, அதுதான் ஜாதியின் வெற்றி! சாவிகளை மேஜைமேலேயே வைத்துவிட்டு வெளியே வந்தோம்.

இது இன்று நேற்று ஏற்பட்ட வியாதியல்ல. பெரியார் அவர்கள் வாலிபராயிருக்கையில், 1904ஆம் வருஷத்தில், வீட்டை விட்டுக் காசிக்குப் போனார். பார்ப்பனரல்லாத வணிகர் ஒருவர் பணத்தில் நடந்த சத்திரத்திலேயே, பார்ப்பனருக்கு மாத்திரமே சாப்பாடு என்று அவரை வெளியே தள்ளினார்கள். பசி பொறுக்காமல் தெருவில் எறிந்த எச்சில் இலையில் எடுத்துச் சாப்பிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். பணம் ஒருவனுடையது, பந்தி இன்னொருவனுடையது!

அம்பேத்கர் அவர்கள் கதை அதைவிடக் கொடியது. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917ஆம் வருஷத்தில் நாடு திரும்பி, பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகத்துக்குப் போனார். அத்தனை பெரிய படிப்பாளிக்கு அந்த ஊரில் எந்த இந்து விடுதியிலும் இடமில்லை. பார்ஸி ஒருவர் நடத்திய விடுதியில் பார்ஸிப் பெயரை வைத்துக்கொண்டு தங்கினார். பதினோராம் நாள் காலையில் ஒரு கூட்டம் கையில் தடிகளோடு வந்து, மாலைக்குள் காலி செய்யென்று மிரட்டிற்று. சினேகிதர்களும் இடம் கொடுக்கத் துணியவில்லை. பொதுத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். பிற்காலத்தில் இத்தேசத்தின் அரசியல் சட்டத்தை எழுதும் குழுவுக்குத் தலைமை வகித்தவருக்கு ஒரு நகரத்தில் படுக்க ஓர் இடம் இல்லை!

நம்முடைய திருநெல்வேலிச் சீமையில் என்ன நடந்தது? சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைத்ததற்காக 1925ஆம் வருஷத்தையொட்டி எவ்வளவு கிளர்ச்சி நடந்ததென்பது உங்களுக்குத் தெரியும். ரயில்வே உணவுச் சாலைகளில் பார்ப்பனருக்கு ஓரிடம், மற்றவர்க்கு ஓரிடம் என்றிருந்த பேதம் நம் இயக்கத்தின் விடாத கூச்சலால்தான் 1941ஆம் வருஷத்தில் ஒழிந்தது. ஓட்டல் பலகைகளில் 'பிராமணாள்' என்ற எழுத்தை அழிக்க 1957ஆம் வருஷத்தில் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபேக்கு முன்னால் மாதக்கணக்கில் மறியல் நடந்து, நூற்றுக்கணக்கான தோழர்கள் சிறை சென்றார்கள். "ஒரு பலகைக்காகவா இத்தனை பாடு?" என்று அன்று சிரித்தவர்கள் உண்டு. பலகையை அழித்தோம், ஆனால் பலகை இன்று அடையாள அட்டையின் தெருப் பெயருக்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது.

வெள்ளைக்காரன் தேசத்திலும் இது உண்டு. அமெரிக்காவில் கறுப்பு மனிதர்கள் காரில் பிரயாணம் போனால் வழியில் எந்த விடுதியில் இடம் கொடுப்பார்கள் என்று தெரிந்துகொள்ளவே ஒரு புத்தகம் வேண்டியிருந்தது. நியூயார்க்கில் தபால்காரராயிருந்த விக்டர் கிரீன் என்பவர் 1936ஆம் வருஷம் முதல் அதை வெளியிட்டார். 1964ஆம் வருஷத்தில் சட்டம் வந்தது. உடனே அட்லாண்டா நகரில் 216 அறைகள் கொண்ட ஒரு விடுதிக்காரர், "என் விடுதி, என் இஷ்டம்" என்று கோர்ட்டுக்குப் போனார். அதே வருஷம் டிசம்பரில் அவர்கள் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. அங்கே தோலின் நிறத்தைப் பார்த்தார்கள். இங்கே நிறத்திலும் வித்தியாசமில்லை, பாஷையிலும் வித்தியாசமில்லை. ஆகவே தெருவைக் கேட்கிறார்கள்!

நம் நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1950ஆம் வருஷத்து அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு, கடை, பொது உணவுச் சாலை, விடுதி இவற்றில் நுழைய ஜாதி, மதம், ஆண் பெண் என்ற காரணத்தால் மட்டும் யாரையும் தடுக்கக் கூடாதென்கிறது. 1955ஆம் வருஷத்துத் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976ஆம் வருஷம் முதல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரில் இருக்கிறது. அதன்படி தீண்டாமையின் பேரில் விடுதிக்குள் விடாமல் தடுத்தால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, அபராதம் வேறு. ஆணும் பெண்ணும் கல்யாணமாகாமல் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவுமில்லை என்று சென்னை உயர்நீதிமன்றமும் 2019ஆம் வருஷத்தில் சொல்லிவிட்டது. சட்டம் புத்தகத்தில் விழித்திருக்கிறது. நாம்தான் தெருவில் தூங்குகிறோம்.

"விடுதிக்காரன் காசுக்காகக் கடை வைத்திருக்கிறான், வருகிறவர்கள் முகம் சுளித்தால் அவன் என்ன செய்வான்?" என்று சில பெரிய மனிதர்கள் சமாதானம் சொல்லுவார்கள். வருகிறவன் எந்தக் கட்டிலில் நேற்று யார் படுத்தான் என்று சாமுத்திரிகா லட்சணம் பார்த்தா கண்டுபிடிக்கிறான்? வெள்ளாவி வைத்த விரிப்பில் அழுக்குத்தான் தெரியும், ஜாதி தெரியாது. பக்தர்களையும் ஒன்று கேட்கிறோம். குறவர் வீட்டில் வளர்ந்த வள்ளியைக் கலியாணம் செய்துகொண்டவர் என்று முருகனைக் கொண்டாடுகிறீர்கள். அந்த முருகன் ஊரிலே ஜாதிக்கொரு சத்திரம், ஜாதிக்கொரு மண்டபம் கட்டி வைத்திருக்கிறீர்களே, அந்த வள்ளியின் உறவு ஜனங்கள் இரவில் வந்தால் எந்தச் சத்திரத்தில் படுப்பது?

இந்தக் கடற்கரையில் முன்னாளில் முத்துக் குளித்தார்கள். 1961ஆம் வருஷத்துக்குப் பின் அது நடக்கவில்லை. சுறாமீன் கடிக்காமல் மந்திரம் போட 'கடல்கட்டி' என்று ஒருவரை வைத்து, அவருக்குச் சிப்பியில் பங்கு கொடுத்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, இந்த மந்திரம் போடுகிறவர்கள் பார்ப்பனர் என்றும், இருபதில் ஒரு பங்கு வாங்கினார்கள் என்றும் எழுதி வைத்திருக்கிறார். மூச்சடக்கிக் கடலடிக்குப் போகிறவன் ஒருவன்; கரையில் உட்கார்ந்து பங்கு வாங்குகிறவன் ஒருவன். ஆனால் முங்கினவனை மேலே தூக்கியது மந்திரமா? படகில் நின்றவன் பிடித்த கயிறல்லவா? கடலடியில் இருக்கிறவன் எவனாவது, "கயிறு பிடிப்பவன் என்ன ஜாதி?" என்று கேட்டிருப்பானா?

துறைமுகம் என்பது என்ன? கப்பலுக்குத் தங்குமிடந்தானே! தூர தேசத்துக் கப்பல் வந்தால் எவ்வளவு ஆழம் வேண்டும், என்ன சரக்கு, பத்திரங்கள் சரியா என்றுதான் கேட்கிறார்கள். கரியும் உப்பும் உரமும் வந்தால் கிடங்கில் இடமிருக்கிறது. 1906ஆம் வருஷத்தில் வ.உ.சிதம்பரனார் வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கப்பல் கம்பெனி நடத்திய ஊர் இது. 1948ஆம் வருஷத்தில் திராவிடர் கழக மாகாண மாநாடு நடந்த ஊர் இது. இந்த ஊரில், வண்டி ஓட்டிக் களைத்துவந்த ஒரு மனிதனுக்குத் தெருப் பெயரால் கட்டில் இல்லையென்றால், அது யாருக்கு அவமானம்?

அன்றிரவு நாம் எங்கே படுத்தோம் என்று கேட்பீர்கள். துறைமுகச் சாலையில், லாரிக்காரர்கள் நிறுத்துகிற இடத்தில் ஒரு டீக்கடை. கடைக்காரர் எங்களைப் பார்த்துக் கேட்ட கேள்விகள் இரண்டே. "சாப்பிட்டியளா அண்ணாச்சி?" என்பது ஒன்று. "எத்தன பாய் வேணும்?" என்பது மற்றொன்று. நால்வருக்கும் பாய் போட்டார். அங்கே தெலுங்கு, மலையாளம், இந்தி பேசுகிற லாரிக்காரர்கள் வரிசையாய்ப் படுத்திருந்தார்கள். காலையில் காசு கொடுத்தால் டீக்கு மட்டும் எடுத்துக்கொண்டார். அவர் எந்தச் சட்டத்தையும் படித்தவரல்ல, நம் பத்திரிகையைப் படித்தவருமல்ல. களைத்தவனுக்குப் படுக்க இடம் வேண்டும் என்கிற அறிவு ஒன்றுதான் அவரிடம் இருந்தது.

காலையில் நமது தோழரிடம், "புகார் எழுதிக் கொடுப்போமா?" என்று கேட்டோம். அவமானப்பட்டவர் அவர், ஆகவே முடிவும் அவருடையதாகவே இருக்க வேண்டும். வெகுநேரம் யோசித்தார். பிறகு, "எழுதுங்க, நானே கையெழுத்துப் போடுறேன்" என்றார். நாம் மூவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். "பழக்கந்தான்" என்று இரவில் சொன்ன மனிதர் காலையில் கையெழுத்துப் போட்டார் என்பதுதான் இந்தப் பிரயாணத்தில் நாம் கண்ட லாபம்.

ஆகவே தோழர்களே, உங்களை நாம் கேட்டுக்கொள்ளுவது மூன்று காரியங்கள். ஒன்று, எந்த விடுதியிலாவது ஊர், தெரு என்று குடைந்து கேட்டுவிட்டு இடமில்லையென்றால், சும்மா திரும்பாதீர்கள். நேரத்தையும் சொன்ன வார்த்தையையும் எழுதிக்கொண்டு, சாட்சியோடு போலீசில் புகார் கொடுங்கள். இரண்டு, உங்களோடு வந்தவருக்கு இல்லாத அறை உங்களுக்கும் வேண்டாமென்று சாவியைத் திருப்பி வையுங்கள். மூன்று, விடுதி நடத்துகிற தோழர்கள் இக்கூட்டத்தில் இருந்தால், "அறை இருக்கிறவரை யார் வந்தாலும் உண்டு" என்று உங்கள் குமாஸ்தாவுக்கு இன்றிரவே சொல்லிவிடுங்கள். அந்தச் சம்பளக்காரனும் தலைநிமிர்ந்து வேலை பார்க்கட்டும்.

நாமும் ஒரு முடிவு செய்திருக்கிறோம். இனி யாருடைய மனம் கோணினாலும் ராகுகாலத்துக்காக வண்டிக்கு வெளியே காத்து நிற்பதில்லை. இன்றைக்கும் இந்தக் கூட்டம் முடிந்தவுடன் புறப்படுகிறோம். மணி என்னவென்று பஞ்சாங்கம் பார்க்கவில்லை. டயரில் காற்று இருக்கிறதா என்றுமட்டும் பார்த்துவிட்டோம்.